கிளவுட் கணக்கும் இலவசக் கிரெடிட்டும்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்ன அறையில் கணினி வகுப்பு நடத்துகிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், ஒலுவிலில் இருந்து பஸ் ஏறி வருகிற இரண்டு மூன்று பேர், ஏ.எல். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறவர்கள் என்று ஒரு கலவை. பாடத்தில் கேட்பதைவிட தேத்தண்ணி இடைவேளையில்தான் அதிகம் கேட்பார்கள். பெரிய கம்பனிகள் கிளவுட்டில் எவ்வளவு உழைக்கின்றன, அவ்வளவு உழைப்பவர்கள் கிரெடிட்டை, அதாவது அவர்களுடைய சேவையில் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகையை, நமக்கு ஏன் சும்மா தருகிறார்கள் என்பவைதான் அதில் பாதி. ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள் திரும்பி வருவதால் எழுதி வைத்துவிட்டேன்.

கிளவுட் என்றால் என்ன, சுருக்கமாக?

இன்னொருவரின் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. அமேசன் 2006இல் எஸ்3 என்ற சேமிப்பிடத்தையும், அதே வருடம் இசி2 என்ற வாடகைக் கணினியையும் திறந்தது. இன்று நாம் காணும் வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது.

அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகுள் மூன்றிலும் கிளவுட் வருமானத்தில் யார் முதல்? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கிறார்களே?

கல்முனை பஸ் நிலையத்தடியில் மூன்று கொம்யூனிகேசன் கடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போட்டோக்கொப்பி எடுத்த காசை மட்டும் ‘கொம்யூனிகேசன் வருமானம்’ என்று எழுதுகிறார். அடுத்தவர் ரீலோட் போட்ட காசையும் அதில் சேர்க்கிறார். மூன்றாமவர் கடை வாசலில் வைத்திருக்கும் ஐஸ்கிரீம் பெட்டியையும் சேர்த்துவிடுகிறார், கரண்ட் ஒன்றுதானே என்று. மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று கொப்பிகளையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்டால் பதில் வராது.

இங்கேயும் அதே கதைதான். அமேசனின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ் கணக்கு ஓரளவு நேரானது. கணினி, சேமிப்பிடம், தரவுத்தளம் என்று வாடகைக்கு விடும் சேவைகள்தான் அதில் பெரும்பாலும். 2024இல் அது 107.6 பில்லியன் டொலர்.

கூகுள் கிளவுட் என்ற வரியில் வாடகைக் கணினிகளோடு, கம்பனிகளும் பள்ளிக்கூடங்களும் காசு கட்டிப் பாவிக்கும் ஜிமெயில், டொக்ஸ், மீட் அடங்கிய வேர்க்ஸ்பேசும் இருக்கிறது. 2024இல் இரண்டும் சேர்ந்து 43 பில்லியன் டொலருக்குச் சற்று மேல். அதில் எது எவ்வளவு என்று பிரித்துத் தருவதில்லை.

மைக்ரோசொஃப்டின் கூடைதான் மிகப் பெரியது. ‘மைக்ரோசொஃப்ட் கிளவுட்’ என்று அவர்கள் சொல்லும் தொகையில் வாடகைக் கணினிச் சேவையான அஷூர் இருக்கிறது, வியாபாரங்களுக்கான ஒஃபிஸ் சந்தா இருக்கிறது, கம்பனிகளின் கணக்கு, விற்பனை வேலைகளுக்கான டைனமிக்ஸ் மென்பொருள் இருக்கிறது, லிங்க்ட்இன் வருமானத்தில் ஒரு பகுதியும் இருக்கிறது. 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அந்தத் தொகை 168 பில்லியனைத் தாண்டியது. அஷூர் மட்டும் 75 பில்லியனைத் தாண்டியதாக அதே நேரத்தில் சொன்னார்கள். அதாவது பாதி கூட இல்லை. ‘மைக்ரோசொஃப்ட் அமேசனை முந்திவிட்டது’ என்ற தலைப்பைப் பார்த்தால், எந்தக் கூடையை எந்தக் கூடையோடு நிறுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, மைக்ரோசொஃப்டின் வருடம் ஜூலையில் தொடங்குகிறது, மற்ற இருவருக்கும் ஜனவரியில். பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் ஒரே அறுவடையாக எழுதுகிற மாதிரி அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாடகைக் கணினியை மட்டும் எடுத்துப் பார்த்தால் அமேசன் முதல், மைக்ரோசொஃப்ட் இரண்டு, கூகுள் மூன்று. இந்த வரிசையில் சண்டை இல்லை.

அமேசன் ஏன் முதலில் இந்தக் கணக்கைக் காட்டவில்லை?

2015 வரை ஏடபிள்யூஎஸ் வருமானம் ‘ஏனையவை’ என்ற வரிக்குள் ஒளிந்திருந்தது. சில்லறை வியாபாரத்தின் பக்கத்தில் அது நட்டத்தில்தான் ஓடும் என்று நினைத்தவர்கள் பலர். 2015 ஏப்ரலில் முதன்முறையாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஒரு காலாண்டில் 1.57 பில்லியன் டொலர் வருமானம், 265 மில்லியன் டொலர் செயற்பாட்டு இலாபம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மறைத்ததற்கான காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. மீன் நிறையப் படுகிற இடத்தைத் தோணிக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார். அவ்வளவு இலாபம் என்று முன்பே தெரிந்திருந்தால் மற்ற இருவரும் இன்னும் வேகமாகக் காசைக் கொட்டியிருப்பார்கள்.

2024இல் அமேசனின் மொத்த விற்பனையில் ஏடபிள்யூஎஸ் ஏறத்தாழ 17 வீதம்தான். செயற்பாட்டு இலாபத்தில் அதன் பங்கு 58 வீதம், 68.6 பில்லியனில் 39.8 பில்லியன். நாம் அமேசன் என்றதும் நினைக்கும் பெட்டி, பார்சல் எல்லாம் சேர்ந்தும் பாதி இலாபம் கூட இல்லை.

இப்படித் தங்கள் விருப்பத்துக்குப் பிரிப்பதற்குச் சட்டம் விடுகிறதா?

விடுகிறது. நிர்வாகத்தின் தலைமை எந்தப் பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கிறதோ, அந்தப் பிரிவுகளையே வெளியிலும் காட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கீட்டு விதி. வருமானம், இலாபம், சொத்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் 10 வீதத்தைத் தொட்டால் தனியாகக் காட்டியே ஆக வேண்டும். எங்கே கோடு கிழிப்பது என்பது பெரும்பாலும் கம்பனியின் கையில்தான்.

கோட்டை அழிக்கவும் முடியும். 2018இல் தரவுத்தள மென்பொருள் விற்கும் ஒரக்கிள் கம்பனி தன் கிளவுட் வருமானத்தைப் பழைய மென்பொருள் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒரே வரியாக்கியது. வளர்ச்சி குறைந்து வந்த நேரம் அது. என்ன காரணம் சொன்னாலும், நன்றாக ஓடுகிற எண்ணை யாரும் அப்படிப் புதைப்பதில்லை என்பது என் கணிப்பு. ஐபிஎம் தன் கிளவுட் வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013இல் விசாரித்தது. அடுத்த வருடம் நடவடிக்கை எதுவும் இல்லாமல் முடித்துக்கொண்டது.

ரன் ரேட் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

கடைசி மாத வருமானத்தை 12ஆல் பெருக்குவது, அல்லது கடைசிக் காலாண்டை 4ஆல் பெருக்குவது. இந்த வேகத்தில் ஓடினால் வருடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. மைக்ரோசொஃப்ட் 2015இல் தன் வர்த்தகக் கிளவுட் 2018 நிதியாண்டில் 20 பில்லியன் ரன் ரேட்டைத் தொடும் என்று இலக்கு வைத்து, 2017 ஒக்டோபரிலேயே தொட்டது.

ஏறிக்கொண்டே போகிற வியாபாரத்துக்கு இது பெரிய பொய் இல்லை. ஆனால் அறுகம்குடாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வைத்திருப்பவர் ஓகஸ்ட் மாதக் காசை 12ஆல் பெருக்கிக் காட்டினால் வங்கி கடன் கொடுக்குமா? மாரி மழையில் அங்கே நாய் கூட நடமாடாது. ஆண்டு வருமானமும் ரன் ரேட்டும் ஒரே பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள்.

கையொப்பமிட்ட ஒப்பந்தத் தொகையும் வருமானமா?

இல்லை. அது இனி வர வேண்டிய காசு. ஒரக்கிள் 2025 செப்டம்பரில் 455 பில்லியன் டொலர் ஒப்பந்தம் கையில் இருப்பதாகச் சொன்னது, பங்கு விலை வானத்துக்குப் போனது. விதைத்திருக்கிறது, அறுக்கவில்லை. யார் வாங்குகிறார், அவரிடம் காசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இலாபக் கணக்கிலும் இப்படி விளையாட இடம் உண்டா?

உண்டு. ஏ.எல். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பது இந்த இடத்தில்தான். பெறுமானத்தேய்வு படித்திருப்பீர்கள். 24 இலட்சம் கொடுத்து ஒரு மில் மெசின் வாங்கினால், 4 வருடம் உழைக்கும் என்று எழுதினால் வருடத்துக்கு 6 இலட்சம் செலவு. 6 வருடம் என்று எழுதினால் 4 இலட்சம். மெசின் அதேதான், நெல் அதேதான், பேனையால் வருடத்துக்கு 2 இலட்சம் இலாபம் கூடிவிட்டது.

கிளவுட் கம்பனிகளின் பெரிய செலவே சர்வர்தான், அதாவது வாடகைக்கு விடும் அந்தக் கணினிகள். மைக்ரோசொஃப்ட் 2022 ஜூலையில் சர்வரின் ஆயுளை 4இலிருந்து 6 வருடமாக்கியது. அந்த நிதியாண்டில் அதனால் இலாபம் 3.7 பில்லியன் டொலர் கூடும் என்று அவர்களே சொன்னார்கள். கூகுள் 2023 ஜனவரியில் அதையே செய்தது. அதே 2023 முதல் காலாண்டில்தான் கூகுள் கிளவுட் முதன்முறையாக இலாபம் காட்டியது, 191 மில்லியன் டொலர். மூன்று வருடம் முன்பு, 2020இல், 5.6 பில்லியன் டொலர் நட்டம். ஆயுள் நீட்டியதால் மட்டும் இலாபம் வந்தது என்று சொல்ல மாட்டேன், வருமானமும் நன்றாக ஏறியிருந்தது. ஆனால் இரண்டும் ஒரே காலாண்டில் நடந்ததை இலாபச் செய்தியோடு சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

சர்வர்கள் உண்மையிலேயே அதிக காலம் உழைக்கின்றன என்பது கம்பனிகளின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அமேசன் 2024இல் 6 வருடமாக்கிவிட்டு, செயற்கை நுண்ணறிவு வேகமாக மாறுகிறது என்று சொல்லி 2025இல் ஒரு பகுதி சர்வர்களுக்கு மீண்டும் 5 என்று இறக்கியது.

சரி, இவ்வளவு உழைக்கிறவர்கள் நமக்கு ஏன் 100 டொலர், 300 டொலர் கிரெடிட் சும்மா தருகிறார்கள்?

இதை ஒலுவில் பிள்ளை ஒருவர் கேட்டபோது, அவரைவிட அவருடைய வாப்பாதான் நல்ல பதில் வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. “விதைநெல் கடனாகத் தருகிறவன் நெல்லை வேறு யாருக்கு விற்க விடுவான்?” என்று கேட்டாராம்.

நம் ஊரில் காணிக்காரப் போடியாருக்கும் வயல் செய்பவருக்கும் இருந்த ஏற்பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு கம்பனி எந்தக் கிளவுட்டில் ஏறுவது என்பதை முன்பு மேலதிகாரி முடிவு செய்தார். இப்போது பல இடங்களில் அதை அங்கே மென்பொருள் எழுதும் டெவலப்பர் முடிவு செய்கிறார், அவரும் தனக்குக் கைப்பழக்கமான ஒன்றைத்தான் எடுப்பார். பல்கலைக்கழகத்தில் 100 டொலர் கிரெடிட்டில் அஷூர் பழகிய பிள்ளை, ஐந்து வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு கம்பனிக்கு மாதம் 10,000 டொலர் பில் கொண்டுவருவார் என்றால் அந்த 100 ஒரு செலவே இல்லை.

மைக்ரோசொஃப்டைப் பாருங்கள். அதன் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மேடையில் சட்டை நனைய வியர்த்துக்கொண்டு ‘டெவலப்பர், டெவலப்பர்’ என்று கத்திய வீடியோ இன்னும் சுற்றுகிறது. அதே மனிதர் 2001இல், வின்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அன்று டெவலப்பரைப் பிடித்து வைத்தது வின்டோஸ் விற்பதற்காக. வின்டோஸ் விற்பவருக்கு லினக்ஸ் எதிரி. 2014இல் சத்யா நாதெல்லா வந்ததும் ‘மைக்ரோசொஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது’ என்று மேடையில் பலகை வைத்தார். மனம் மாறியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வியாபாரம் மாறியிருந்தது. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு உள்ளே ஓடுவது லினக்ஸா வின்டோஸா என்பது பெரிய விஷயமில்லை, மீட்டர் ஓடினால் போதும். அடுத்த வருடம் கோட் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட் இலவசமாக வந்தது. 2018இல் 7.5 பில்லியன் டொலருக்கு, எழுதிய கோட்டை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை வாங்கினார்கள். 2019 ஜனவரியில், அங்கே அதுவரை காசு கட்டி வைத்த, மற்றவர்கள் பார்க்க முடியாத தனிப்பட்ட களஞ்சியங்களை இலவசமாக்கினார்கள். நம் வகுப்பில் எல்லோரும் எழுதுவது விஎஸ் கோட்டில், வைப்பது கிட்ஹப்பில், மற்றவர்கள் எழுதி வைத்த கோட் பொதிகளை இறக்குவது என்பிஎம்மில். என்பிஎம்மும் 2020இல் கிட்ஹப் வாங்கியதுதான். ஒரு சதம் கொடுத்ததில்லை. ஆனால் எழுதியதைக் கிளவுட்டில் ஏற்றும் ‘டிப்ளோய்’ என்ற பட்டனை அழுத்தும்போது எந்தக் கிளவுட் முதலில் வருகிறது என்று கவனியுங்கள்.

கூகுளின் வழி வேறு. மூன்றாவது இடத்தில் நிற்பவருக்கு, எல்லோரும் எளிதாக இடம் மாறினால்தான் இலாபம். 2014இல், மென்பொருளைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டி நிர்வகிக்கும் கியூபர்நெட்டிஸை எல்லோருக்கும் திறந்துவிட்டது அப்படிப்பட்ட ஒரு காய் நகர்த்தல் என்றே நான் பார்க்கிறேன். ஒரு முறை அதில் கட்டிவிட்டால் அமேசனில் ஓடுவதை கூகுளில் ஓட்டலாம். 2017இல் அமேசனே அதைத் தன் கடையில் வைத்து விற்கப் போவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

எல்லாம் தூண்டில் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் பாவிக்கக்கூடிய பொது மென்பொருளுக்கு மாணவர்கள் கோட் எழுதும், 2005இல் தொடங்கிய கூகுள் சமர் ஒஃப் கோட் நிகழ்ச்சியில் உலகத்திலேயே அதிக மாணவர்களைப் பல வருடங்கள் அனுப்பியது நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளைகள் எழுதிய கோட் கூகுளுக்குச் சொந்தமில்லை, பொதுவில் இருக்கிறது. கிழக்கில் இருந்து அதற்கு இன்னும் நிறையப் பேர் போகலாம், போவதில்லை என்பதுதான் என் குறை.

அப்படியானால் இலவசக் கிரெடிட்டை வாங்கலாமா, கூடாதா?

வாங்குங்கள். வாங்கிப் பழகுங்கள். கிரெடிட் கார்ட் இல்லாதவர்கள் முதலில் அஷூரின் மாணவர் கணக்கைப் பார்க்கலாம், பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால் கார்ட் கேட்காமல் 100 டொலர் தருகிறார்கள். கூகுள் 90 நாட்களுக்கு 300 டொலர் தருகிறது, கார்ட் வேண்டும். அமேசன் 2025 ஜூலையில் இருந்து பழைய 12 மாத முறையை மாற்றி, புதியவர்களுக்கு 200 டொலர் வரை கிரெடிட், 6 மாதம் என்று ஆக்கியது. அந்த இலவசத் திட்டத்தில் இருக்கும்வரை பில் வராது.

பில் வந்தால்?

எனக்கு வந்தது. ஒரு கம்பனியின் கிளவுட்டில் தரவுத்தளம் ஒன்றைப் பாடத்துக்காகத் திறந்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் மடிக்கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நான் மூடியது என் கணினியை, அவர்களுடையதை அல்ல. மாதக் கடைசியில் 47 டொலர். 2022 மே மாதம் அது, இரண்டு மூன்று மாதம் முன்பு 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ஆகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பாதியைத் திருப்பித் தந்தார்கள். முதல் முறை செய்கிற பிழைக்குப் பெரும்பாலும் தருவார்கள், கேட்டால்தான்.

பட்ஜெட் எச்சரிக்கை போட்டிருந்தேன். எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், மீட்டரை நிறுத்தாது. அதுவும் கணக்குப் பல மணி நேரம் பிந்தித்தான் வரும். இப்போது வகுப்பு முடிந்ததும் ஆளுக்காள் மற்றவர் திரையைப் பார்த்து எல்லாம் அழிந்ததா என்று சரிபார்த்த பிறகுதான் கதவைப் பூட்டுகிறேன்.

ஒரு கிளவுட்டில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமா?

தரவை உள்ளே கொண்டுபோகக் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. அமேசனில் மாதம் 100 கிகாபைட் வரை இலவசம், அதற்கு மேல் அமெரிக்கப் பிராந்தியங்களில் கிகாபைட்டுக்கு 9 சதம் அளவில். முழுதாக விட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தை 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசனும் மைக்ரோசொஃப்டும் நீக்கின. ஐரோப்பியச் சட்டம் ஒன்று நெருங்கி வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தினமும் வெளியே போகும் தரவுக்கு இன்னும் கட்டணம் உண்டு.

கட்டணத்தைவிடப் பெரிய பூட்டு, அந்தக் கம்பனியிடம் மட்டுமே இருக்கும் சேவைகளில் கட்டிவிடுவது. சாதாரண லினக்ஸ் கணினி, யாரும் இலவசமாக நிறுவக்கூடிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று போனால் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம். எங்களிடம் கேட்டு வரும் சின்ன வேலைகளுக்கு நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

மருதமுனையில் எங்களுக்குக் கைத்தறிச் சாரக் கடை இருக்கிறது. இணையத்தில் விற்க இந்தப் பெரிய கிளவுட் வேண்டுமா, சேர்?

வேண்டாம். மாதம் 40, 50 ஓடர் வருகிற கடைக்கு மாதாந்தம் ஒரே கட்டணம் வாங்கும் சாதாரண ஹோஸ்டிங், அதாவது இணையத்தளத்தை வைக்க ஒரு வாடகை இடம், போதும், டொலர் ஏறினாலும் எவ்வளவு என்று முன்பே தெரியும். இந்த மூவரின் தரவு மையமும் இலங்கையில் இல்லை. சென்னையில் மைக்ரோசொஃப்டுக்கும், மும்பையில் மூவருக்கும், சிங்கப்பூரிலும் மூவருக்கும் இருக்கிறது. சாரம் வாங்குகிறவருக்கு அந்தத் தூரம் தெரியாது. முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், சாரத்தின் கரை தெளிவாகத் தெரிய வேண்டும்.

கம்பனிகளின் அறிக்கையை நாமே படிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும், இலவசம். கம்பனிகளின் முதலீட்டாளர் பக்கத்திலேயே கிடக்கும். அமேசனும் கூகுளும் ஜனவரி கடைசி, பெப்ரவரி தொடக்கத்தில் முழு வருடக் கணக்கைப் போடுவார்கள். மைக்ரோசொஃப்ட் ஜூலை கடைசியில். முதல் பக்கத்தில் தலைவர் சொல்லும் வசனங்களைத் தாண்டிவிடுங்கள். கணக்குக் குறிப்புகளில் பிரிவுவாரித் தகவல் (segment information) என்ற பகுதிக்கு நேராகப் போங்கள், எந்தக் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று அங்கேதான் எழுதியிருக்கும். பிறகு ‘ஆயுட்காலம்’ (useful life) என்ற சொல்லைத் தேடுங்கள், சர்வருக்கு எத்தனை வருடம் போட்டிருக்கிறார்கள் என்று வரும். போன முறை இதைச் செய்தபோது ஏ.எல். வர்த்தகம் படித்த ஒரு தங்கச்சி 20 நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். கணினிப் பட்டதாரிகள் இன்னும் முதல் பக்கத்தில் இருந்தார்கள்.